மாதச் செலவுக்கு எது சரி: கடை நோட்டா, கவரா, தனி வங்கிக் கணக்கா?

சம்பளம் வந்த பத்தாம் நாளே கை காய்ந்துவிடுகிறது என்று சொல்லும் வீடுகளில் வாடகையையோ பாலையோ குறை சொல்லிப் பயனில்லை. மாதம் தவறாமல் வரும் செலவு நமக்குப் பழகிய செலவு. அதற்கு எப்படியோ பணம் ஒதுங்கிவிடும். கணக்கைக் கவிழ்ப்பது மாதத்துக்குள் அடங்காத செலவுதான். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. சிலிண்டர் எப்போது தீரும் என்று அதற்கே தெரியாது. பள்ளிக் கட்டணம் ஜூனில் மொத்தமாக வந்து நிற்கும். வண்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அப்புறம் தீபாவளி, பொங்கல், ஊர் மாரியம்மன் பண்டிகை, வைகாசியில் வரிசையாக வரும் கல்யாண மொய்.

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். குழுவில் யார் எந்த மாதம் எதற்காகக் கடன் கேட்கிறார்கள் என்பது தீர்மான நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அரிசி வாங்கக் கடன் கேட்டவர் அபூர்வம். ஜூனில் ஃபீஸ், ஐப்பசியில் துணி, நடுவில் மருத்துவச் செலவு. மருத்துவச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மற்ற இரண்டும் போன வருடமே தேதி குறித்துவிட்டு வரும் செலவுகள்.

அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் இப்போது புழங்கும் மூன்று முறைகளை ஒரே ஒரு கேள்வியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மாதத்துக்குள் அடங்காத செலவுக்கான பணத்தை இது பிடித்து வைக்குமா?

அந்தப் பணம் எவ்வளவு இருக்கும் என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். தர்மபுரி டவுனில் வாடகைக்கு இருக்கும் நாலு பேர் குடும்பம், கைக்கு வருவது மாதம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு 900 என்றால் மாதத்துக்கு 450. சிலிண்டர் 45 நாளைக்கு ஒன்று, விலை 900 என்றால் மாதத்துக்கு 600. இரண்டு பிள்ளைகளின் கட்டணம், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 18,000 என்றால் மாதத்துக்கு 1,500. வண்டி இன்சூரன்ஸ் 1,500 என்றால் மாதத்துக்கு 125. பண்டிகைத் துணிமணி 9,000 என்றால் 750. மொய் 6,000 என்றால் 500. கூட்டினால் மாதம் 3,925 ரூபாய். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இந்த மாதம் செலவே ஆகாவிட்டாலும் இந்தப் பணம் நம்முடைய செலவுப் பணம் இல்லை என்று எடுத்து வைக்க வேண்டியது. பெரும்பாலான வீடுகளில் இந்த 3,925-ம் கையில் மிச்சம் இருக்கிற பணம்போலத் தோன்றிச் செலவாகிவிடுகிறது. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கடை நோட்டு

தெருமுனை மளிகைக் கடையில் மாதம் முழுக்கப் பற்று வைத்து வாங்கி, சம்பளம் வந்ததும் மொத்தமாகத் தீர்ப்பது. நோட்டு ஒன்று கடையில், ஒன்று நம்மிடம். பணமே கொண்டுபோக வேண்டாம், பிள்ளையை அனுப்பினால் போதும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆதரவு என்பதை மறுக்கவே முடியாது. மழை பெய்து ஒரு வாரம் வேலை இல்லாவிட்டாலும் அடுப்பு எரிகிறது. வட்டி கிடையாது. கடைக்கார அண்ணனுக்கும் நமக்கும் பத்து வருடப் பழக்கம், அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றும் அவரே தருவார். இதை எந்த பேங்கும் தராது.

ஆனால் அந்த நோட்டை ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். குழுவில் ஓர் அக்கா கொண்டுவந்து காட்டிய நோட்டில் ஒரே பக்கத்தில் இப்படி இருந்தது: எண்ணெய் அரை லிட்டர், ஷாம்பு 4, பிஸ்கட் 10, முட்டை 6, பிஸ்கட் 10, சிப்ஸ் 10, சிப்ஸ் 10, பருப்பு கால் கிலோ, ஜூஸ் 20, பிஸ்கட் 10. “பருப்பும் எண்ணெயும் நான் வாங்குனது, மத்ததெல்லாம் எம் பசங்க எழுதுனது” என்றார். கையில் காசைக் கொடுத்து வாங்கும்போது இருக்கும் ஒரு தயக்கம் நோட்டில் இருப்பதில்லை. விலை கேட்பதும் குறைந்துவிடுகிறது. பற்று வைத்திருக்கும் கடையில் பருப்பின் விலையைப் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குவதால் அங்கேயும் கொஞ்சம் போகிறது.

இன்னொன்றும் உண்டு. சம்பளம் வந்த அன்றே ஐயாயிரமோ ஆறாயிரமோ கடைக்குப் போய்விடுகிறது. அது போன மாதம் தின்ற சோற்றுக்கான பணம். இந்த மாதத்தை மீதிப் பணத்தில் தொடங்குகிறோம், ஆகவே மறுபடியும் நோட்டு. இந்தச் சுற்றில் 3,925 எங்கேயும் நிற்காது. கரன்ட் பில் வந்தால் கடைக்கு “இந்த மாசம் பாதிதான் அண்ணா” என்று சொல்ல வேண்டியதுதான். என் கேள்விக்குக் கடை நோட்டின் பதில், பிடித்து வைக்காது.

ஆனாலும் நோட்டை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. தினக்கூலி வீட்டுக்கு அந்த ஆதரவு வேண்டும். அரிசிக்கு ரேஷன் இருக்கிறது, 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2023-இல் தர்மபுரி மாவட்டத்தில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று நீலகிரியோடு சேர்த்து முதன்முதலாகத் தொடங்கினார்கள். களிக்கு வெளியில் வாங்கும் ராகி அந்த அளவுக்குக் குறைகிறது. ரேஷனில் இருப்பு இருக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு இவற்றை விடாமல் வாங்கினால் நோட்டில் ஏற வேண்டிய பெரிய சரக்கே சில சாமான்கள்தான். நோட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, “ரெண்டாயிரத்துக்கு மேல எழுதாதீங்க அண்ணா, பசங்க வந்தா குடுக்காதீங்க” என்று கடையிலேயே சொல்லிவிடலாம். கடைக்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வசூலாகாத பற்று அவர்களுக்கும் தலைவலிதான்.

கவர்

ரொக்கத்தைக் கூறு போட்டு வைப்பது. அரிசி டப்பாவுக்குள் சுருக்குப்பை வைத்த பாட்டிகளின் முறை. இப்போது கல்யாணப் பத்திரிகை வரும் கவர்களை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மூலையில் மஞ்சள் தடவிய கவர், அதன்மேல் பேனாவில் ‘இபி’, ‘கேஸ்’, ‘ஸ்கூல்’, ‘சந்தை’. கணக்கு எழுதத் தெரியாதவர்களும் செய்யலாம். கவர் மெலிந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

காய்கறிக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் பக்கம் வாரச்சந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. காரிமங்கலத்தில் செவ்வாய், போச்சம்பள்ளியில் ஞாயிறு. பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளி மண்டி. விளைகிற ஊரிலேயே இருந்தும் தக்காளி விலையை நம்ப முடியாது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, வேறு சில மாதங்களில் பறிக்கிற கூலிக்கே கட்டாமல் தோட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே மாதத்துக்குக் காய்கறி இவ்வளவு என்று எழுதி வைப்பதில் அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒரு தொகையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டும். தக்காளி ஏறியிருந்தால் அந்த வாரம் புளிக்குழம்பு. வருடத்துக்கான புளியையும் மிளகாயையும் கோடைக்குள் வாங்கி வைக்கும் பழக்கம் உள்ள வீடுகள் அதற்கும் ஒரு கவர் போடலாம். மாசி, பங்குனியில் கிருஷ்ணகிரிப் பக்கம் புதுப்புளி வரும்போது வாங்கினால் ஐப்பசியில் கடையில் கால் கிலோவாக வாங்கும் விலை வராது.

கவரின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஸ்கூல் கவரிலிருந்து சந்தைக்கு இருநூறு, இபி கவரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐந்நூறு. திருப்பி வைக்கிறேன் என்று எடுப்பதுதான், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு உதவுகிறது. எடுக்கும்போது எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதி என்று ஒரு சீட்டு எழுதி அதே கவருக்குள் போட்டுவிட வேண்டும். பணம் இருந்த இடத்தில் சீட்டு இருக்கும். இரண்டு மாதத்துக்குள் தீரும் செலவுகளுக்கு, அதாவது இபிக்கும் கேஸுக்கும், இது போதும். பதினெட்டாயிரத்தைப் பத்து மாதம் வீட்டில் ரொக்கமாக வைப்பது வேறு விஷயம். அது திருட்டுப் பயத்தைவிட வீட்டு ஆட்களின் அவசரத்துக்குத்தான் அதிகம் பறிபோகும். வட்டியும் இல்லை.

இபி பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு பில்களில் நம் கையில் பிடி உள்ளது இதுதான். 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், ஆனால் 500 யூனிட் என்ற இடத்தில் ஒரு பெரிய படி இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையைப் பாருங்கள். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அதே நூறு யூனிட்டுக்கு 4.50 ரூபாய். கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024 ஜூலையில் யூனிட் விலை இன்னும் கூடியது. ஆகவே கணக்கெடுப்பவர் வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போன நாளையும் அன்றைய ரீடிங்கையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதம் ஆனதும் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 400-ஐ நெருங்கியிருந்தால் மீதி நாட்களில் ஏசியையோ மோட்டாரையோ கொஞ்சம் அடக்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் ஃபேன் நிற்காத வீடுகளுக்கு இது முக்கியம். வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே இந்தப் படிக்கணக்கு உங்களுக்கு உதவாது. குடிபோகும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. மாதம் முந்நூறு ரூபாய் குறைவான வாடகை என்று நம்பிப் போய், கரன்ட்டில் அதைக் கொடுத்துவிடக் கூடாது.

தனி வங்கிக் கணக்கு

ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கும், அரசு வேலை, ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கும் சம்பளம் நேராக பேங்கில் விழுகிறது. கவருக்குப் போட ரொக்கமே கையில் இல்லை. எல்லாம் ஜிபே, போன்பே. இவர்களுக்கு இரண்டாவது கணக்குதான் கவர்.

முறை இதுதான். சம்பளக் கணக்கு ஒன்று, வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்று. சம்பளம் வந்த அன்றே மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுவது. போனில் உள்ள யுபிஐ ஆப்பில் வீட்டுக் கணக்கை மட்டும் இணைத்து வைப்பது. இந்தக் கடைசிப் பகுதியைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டு கணக்கையும் ஒரே ஆப்பில் வைத்தால், ஒன்றில் பணம் தீர்ந்ததும் விரல் தானாக அடுத்ததுக்குப் போகும். இரண்டாவது கணக்கை மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காகத் திறந்தால் அபராதப் பயமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே பேங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வேறு பேங்க் பார்ப்பது நல்லது.

இந்த முறையின் ஓட்டை டீக்கடையில் இருக்கிறது. பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் ஸ்கேன்கள். கடை நோட்டிலாவது பிள்ளைகள் எழுதியது பக்கத்தில் தெரிந்தது. ஜிபேயில் மாதக் கடைசியில் போய்ப் பார்க்கிறவர் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருமுறை அந்த வரிசையை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தால் போதும், அடுத்த வாரம் கை கொஞ்சம் யோசிக்கும்.

ஈஎம்ஐ உள்ளவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். பல கம்பெனிகளில் சம்பளம் ஏழாம் தேதி வாக்கில்தான் வருகிறது, ஆனால் வண்டிக் கடனோ போன் கடனோ ஐந்தாம் தேதி பிடிக்கும்படி போட்டுவிடுகிறார்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், பேங்க் ஒரு அபராதம். கடன் வாங்கும் நாளிலேயே பத்தாம் தேதி போடச் சொல்லிக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றுவது அலைச்சல். அந்த ஈஎம்ஐ எந்தக் கணக்கிலிருந்து போகிறதோ அந்தக் கணக்கில்தான் அதற்கான பணம் இருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம்போல இருக்கிறது, ஆனால் இரண்டு கணக்கு வைத்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

என் கேள்விக்கு வருவோம். 3,925-இல் இபியும் கேஸும் போக மீதி 2,875. இதைச் சம்பளக் கணக்கிலேயே விட்டு வைத்தால் அதுவும் ஒருநாள் கரையும். அதற்கு ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டி முடிவில் வட்டியோடு வாங்கும் தொடர் வைப்பு, நல்லது. தபால் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடம், பள்ளிக் கட்டணத்துக்கு அது நீளம். பேங்கில் ஒரு வருட ஆர்டி போட்டு, மே மாதம் முதிரும்படி தேதி பார்த்துத் தொடங்கலாம். முறித்தால் கொஞ்சம் வட்டி போகுமே என்ற எண்ணமே கையைத் தடுத்துவிடுகிறது. மூன்று முறைகளில் ஒரு வருடப் பணத்தைப் பிடித்து வைக்கும் பலம் இதற்குத்தான் இருக்கிறது.

சீட்டும் குழுவும்

ஃபீஸுக்கு ஏலச்சீட்டைத்தான் நம்பியிருக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். சீட்டு சேமிப்பும் கடனும் கலந்தது. ஜூனில் பணம் வேண்டும் என்று நிறைய பேர் ஒரே நேரத்தில் ஏலம் கேட்டால் தள்ளுபடி ஏறும், கைக்கு வருவது குறையும். கடைசியில் எடுப்பவருக்கு லாபம், அவசரக்காரருக்கு நட்டம். தேதி தெரிந்த செலவுக்கு அவசரக்காரராக நிற்பது எதற்கு? பதிவு செய்யாத சீட்டு என்றால் பணமே திரும்புமா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

மகளிர் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-இல். கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை, 2004-இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே இந்த இரண்டு மாவட்டத்திலும் குழு இல்லாத ஊர் அபூர்வம். குழுவின் உள்கடன் வட்டியைக் குழுவே தீர்மானிக்கிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று இருக்கும். மீட்டர் வட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் ஜூனில் பன்னிரண்டு பேரில் எட்டு பேர் கை நீட்டினால் சேமிப்பில் இருக்கும் பணம் எல்லாருக்கும் வராது. பங்கிட்டுக் கொடுக்கும்போது வரும் மனத்தாங்கலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குழுப் பணம் ஆஸ்பத்திரிக்கும் மாடு வாங்கவும் இருக்கட்டும் என்பது என் எண்ணம். ஃபீஸ் பணத்தை அவரவர் வீட்டில் சேர்த்துவிட்டால் குழுவில் உண்மையான அவசரத்துக்குப் பணம் நிற்கும்.

சரி, யாருக்கு எது? தினக்கூலி வீட்டுக்குக் கவரும், உச்சவரம்பு வைத்த கடை நோட்டும். கூலி வாங்கிய அன்றே இபி கவருக்கும் கேஸ் கவருக்கும் ஒரு நூறு போய்விட வேண்டும். பால் ஊற்றும் வீடுகளில் பணம் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவதால், ஒரு பட்டுவாடாவை மளிகைக்கும் அடுத்ததைத் தீவனத்துக்கும் பில்லுக்கும் என்று முன்கூட்டியே பெயர் வைத்துவிடலாம். அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் வீடுகள் அதைத் தொடாமல் இபிக்கும் சிலிண்டருக்கும் ஒதுக்கினால், மேலே போட்ட கணக்கில் 1,050-க்கு ஐம்பது ரூபாய்தான் குறைகிறது. அந்தப் பணம் பெண்களின் சொந்தச் செலவுக்கு வருவது, வீட்டுச் செலவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால் அதுவும் நியாயமே. முடிவு அந்த அம்மாவுடையது.

சம்பள வீட்டுக்கு இரண்டு கணக்கும் ஆர்டியும், கூடவே சந்தைக்கு மட்டும் ஒரு ரொக்கக் கவரும். எனக்கு இந்தக் கலவைதான் பிடித்திருக்கிறது. ஒரு முறையையே பிடித்துக்கொண்டு எல்லாச் செலவையும் அதில் அடக்கப் பார்ப்பவர்கள்தான் மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறார்கள்.

முதல் மாதமே 3,925-ம் ஒதுங்காது. கடை நோட்டில் பாக்கி இருக்கும் வீட்டில் அது நடக்கவே நடக்காது. முதல் இரண்டு மாதம் இபி, கேஸ் இரண்டுக்கு மட்டும் ஒதுக்கி, அந்தப் பில்களைக் கடன் வாங்காமல் கட்டுங்கள். அப்புறம் பள்ளிக் கட்டணம். ஜூலையில் தொடங்கினால் மே வரை பதினொரு தவணை, 18,000 ரூபாய்க்குத் தவணைக்கு 1,640 வரும். அக்டோபரில் தொடங்கினால் எட்டுத் தவணைதான், 2,250 ஆகிவிடும். பொங்கல் முடிந்து பிப்ரவரியில் தொடங்கினால் நாலு தவணை, மாதம் 4,500 வேண்டும்.